நான்கு போல்ட் துளைகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மனுவின் கையெழுத்து நன்றாக இல்லை. வரி நேராக நிற்கவில்லை, எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன, பேனாவை எங்கே அழுத்துவது என்றுகூட எழுதியவருக்குத் தெரியவில்லை. வகுப்பில் யாராவது இப்படி ஒரு குறிப்பை எழுதித் தந்திருந்தால் திருப்பி எறிந்திருப்பேன். உங்களுக்குத் தெரியும் ஷைஜா, எறிந்திருக்கிறேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். ஜன்னல் பக்கம் இருப்பதை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பால் விடாத கட்டன்காப்பி போட்டு வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். உங்களை இனிமேல் 'நீங்கள்' என்றுதான் சொல்ல வேண்டும், விசாரணை அதிகாரி அனுப்பிய ஆள் அல்லவா. அவர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு என் மாணவியையே என் வாக்குமூலம் எழுத அனுப்பியிருக்கிறார். மார்த்தாண்டத்துக்காரி, லீவில் ஊருக்கு வந்திருக்கிறாள், நாகர்கோவில் என்ன தூரமா என்று நினைத்திருப்பார். எங்கள் துறையில் பக்கத்தில் கிடைப்பவர்தான் எப்போதும் சரியான ஆள். நான் குறையாகச் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல எழுதுங்கள். கேள்வி இருந்தால் கடைசியில் கேட்கலாம்.

பெயர் ஜான்ரோஸ். வயது அறுபத்தொன்று. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. காப்புரிமை, வணிகக்குறி ஆய்வாளர்களாகப் புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது கடைசி ஆறு வருடம் என் வேலை. சென்னையில் இடம் இல்லை என்று வடசேரியில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, அதற்குப் பயிற்சி மையம் என்று பெயர் வைத்தார்கள். கீழே வாழைக்குலை மண்டி. மதியம் லாரி வந்தால் வகுப்பில் நான் பேசுவது எனக்கே கேட்காது. நீங்கள் பதினான்கு பேர்தான் என் கடைசி அணி.

பயிற்சி என்றால் என்னவென்று மேலே இருக்கிறவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. சட்டப் புத்தகத்தை வாசித்துக் காட்டினால் ஆய்வாளர் ஆகிவிடுவார் என்று நினைக்கிறார்கள். பயிற்சிக்கு உயிருள்ள கோப்பு வேண்டும். நிஜமான ஒரு ஆள், நிஜமாகவே பதிலுக்குக் காத்திருக்கும் கோப்பு. அதனால்தான் முடிந்துபோன கோப்புகளை நான் உங்களுக்குத் தந்ததே இல்லை. நீங்கள் வகுப்பில் எழுதும் ஆட்சேபக் கடிதத்தை நான் திருத்தி, கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே தபாலில் சேர்ப்பேன். விதியில் இதற்குத் தடை இல்லை. இடமும் இல்லை என்பார்கள். தடை இல்லாத இடமெல்லாம் இடம்தான்.

முதல் நாள் நான் சொன்னது ஞாபகம் இருக்கும். கொடுத்தவனைத்தான் பிறகு கேள்வி கேட்பார்கள், மறுத்தவனை யாரும் கேட்பதில்லை. எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டீர்கள். அது எனக்குச் சும்மா கிடைத்த பாடம் இல்லை. முப்பத்தாறு வயதில் ஒரு கம்பெனிக்குக் காப்புரிமை கொடுத்தேன். விண்ணப்பம் நன்றாக இருந்தது, கொடுத்தேன், அவ்வளவுதான். ஆறு வருடம் கழித்துக் கோர்ட்டில் அது செல்லாது என்று ஆயிற்று. மனதைச் செலுத்தாமல் முடிவெடுத்தார் என்று எனக்கு மெமோ. பதவி உயர்வு இரண்டு முறை என்னைத் தாண்டிப் போயிற்று. எனக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கோப்பு பார்க்கப் பழகியவர்கள் எனக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டு, 'ஜான்ரோஸ் பயிற்சிக்குப் போகட்டும்' என்றார்கள். அதே காலத்தில் நான் மறுத்துத் தள்ளிய நூற்றைம்பது பேரைப் பற்றி இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வயிறு எரிந்ததா என்றால், எரிந்தது. அதையும் எழுதுங்கள்.

கோட்டாறு மைதீன் கனியின் ஒட்டகத்தையும் எழுத வேண்டும். பேரீச்சம்பழ டப்பாவுக்கு ஒட்டகப் படத்தை வணிகக்குறியாகப் பதிந்து தரக் கேட்டிருந்தார். ஒட்டகம் ஊரில் எல்லாரும் போடுகிற படம், உமக்கு மட்டும் எப்படி உரிமை தருவது என்று உங்கள் வகுப்பு லிஜின் ஒரு கடிதம் வரைந்தான். நியாயமான கடிதம். அதற்கு ஒரு பதில் எழுதினால் போதும். அந்த மனுஷன் என்ன செய்தார்? கடை ஷட்டரில் இருபது வருடமாக நின்ற ஒட்டகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுரண்டிய ஷட்டரைப் போட்டோ பிடித்து நமக்கு அனுப்பினார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

"பாத்தியளா மக்கா, நம்ம லெட்டருக்க பவரு" என்றேன்.

நம் ஊர்க்காரர்கள் அப்படித்தான். அரசு முத்திரை போட்ட கடிதம் ஒரு சந்தேகத்தைக் கேட்டால்கூட அவர்களுக்கு அது உத்தரவு. காகிதத்தில் திருத்து என்றால் வீட்டில் திருத்துவார்கள். அன்றைக்கே இது எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை ஒரு தனிப் பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

செல்வதாஸின் கோப்பு அதற்குப் பத்து நாள் கழித்து வந்தது. மார்த்தாண்டத்துக்கு மேற்கே வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். பட்டறைக்குப் பின்னால் ஒரு ஏக்கர் ரப்பர். படிப்பு எட்டாம் வகுப்பு. வக்கீல் வைக்காமல் தானே விண்ணப்பம் போட்டிருந்தார். இங்கிலீஷில் எழுதியதும், படங்களுக்குக் கீழே விவரம் எழுதியதும் மகள். உருண்டையான, முத்து முத்தான கையெழுத்து. அச்சடித்தது என்றுதான் முதலில் நினைத்தேன்.

மெஷினைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை வாசிக்கப்போகிறவர் சென்னைக்காரர், அதனால் எழுதுங்கள். ரப்பர் பாலை உறைய வைத்து, உறைந்த ஷீட்டை இரண்டு ரோலருக்கு நடுவில் விட்டுத் தண்ணீரைப் பிழிந்து, புகைப்புரையில் காயப் போடுவார்கள். முன்பு கையால் சுற்றினார்கள், இப்போது மோட்டார். ஷீட் வழுக்கும். தள்ளிக் கொடுக்கும்போது விரலும் கூடவே உள்ளே போய்விடும். செல்வதாஸின் மனைவி பூங்கனிக்கு அப்படி இரண்டு விரல் போயிற்று. அதற்குப் பிறகு ஏழு வருடம் உட்கார்ந்து அவர் இந்த மெஷினைச் செய்தார்.

ரோலருக்கு முன்னால் ஒரு இரும்புத் தகடு, நான்கு போல்ட்டில் பிடித்திருக்கும். ஷீட் அதன் அடியில் நுழைந்துதான் ரோலருக்குப் போக வேண்டும். தகடு ஷீட்டின் கனத்தை அளந்து, அதற்கேற்றபடி ரோலர்களுக்கு இடையில் இடைவெளி வைக்கும். அதனால் ஒரே ஓட்டத்தில் தண்ணீர் பிழிந்து வந்துவிடும். ஷீட்டோடு விரலும் வந்தால் கனம் கூடும், தகடு தூக்கும், மோட்டார் நின்றுவிடும். ஒரே தகடு இரண்டு வேலையையும் பார்க்கிறது. அதுதான் அவருடைய கண்டுபிடிப்பு.

வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். இருபத்தெட்டு வருட வேலையில் நான் குறை கண்டுபிடிக்க முடியாத முதல் விண்ணப்பம் அது. நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவன். ஒரு ஸ்டூல்கூட என் கையால் செய்தது கிடையாது. இன்னொருவர் செய்ததில் ஓட்டை தேடித்தான் வீடு கட்டினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். இந்தக் கோப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பிழையே இல்லாத கோப்பில் பிழை கண்டுபிடிக்கத் தெரிந்தவன்தான் முழு ஆய்வாளர் என்று தோன்றியது. மறுநாள் வகுப்பில் அதைக் கொடுத்தேன்.

பதிமூன்று பேர் முழித்தார்கள். நீங்கள்தான் எழுந்தீர்கள்.

"சார், ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு கண்டுபிடிப்புதானே? இதுல ரெண்டு இருக்கு. ஒண்ணு தண்ணி பிழியது, இன்னொண்ணு கைக்குக் காவலு."

பத்துக்கு ஒன்பது போட்டேன். அது தப்பு என்று எனக்குத் தெரியும். தகட்டை எடுத்துவிட்டால் இரண்டுமே நடக்காது, ஆகையால் அது ஒன்றுதான். ஆனால் பயிற்சியில் முயற்சிக்குத்தான் மதிப்பெண். எழுதுவதை நிறுத்தாதீர்கள் ஷைஜா. உங்கள் மேல் பழி போட நான் இதைச் சொல்லவில்லை. கடிதத்தில் கையெழுத்து என்னுடையது.

உங்கள் வரைவில் மூன்று வரி இருந்தது. இந்த விண்ணப்பத்தில் இரண்டு கண்டுபிடிப்புகள் உள்ளன. ஒன்றை நீக்க வேண்டும். நீக்கியதற்குத் தனியாக வேறொரு விண்ணப்பம் போடலாம். கடைசி வரியை நான் அடித்துவிட்டேன். அரசுக் கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும். அடித்த இடத்தில் ரோலர் சுழலும் விதத்தைப் பற்றிச் சிவப்பு மையில் நானே ஒரு வரி சேர்த்தேன். அப்படியே டைப் ஆகிப் போயிற்று.

கடிதம் போய் மூன்று வாரத்தில் செல்வதாஸ் ஒரு முறை நேரில் வந்தார். பத்து நிமிடம் இருந்தார். அவரை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போது வரிசை கெட வேண்டாம்.

அக்டோபரில் அவருடைய பதில் வந்தது. 'ஐயா சொன்னபடி ஒன்றை நீக்கிவிட்டேன்' என்று ஒரு வரி. கூடவே மெஷினின் போட்டோ. நான் அதைப் பெரிதாக்கி வகுப்புத் திரையில் போட்டு, இதில் என்ன இல்லை, இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள் என்றேன். பெல்ட் இல்லை என்றான் ஒருவன். பெயிண்ட் இல்லை என்றான் சிஜின். யாருக்கும் பிடிபடவில்லை. நான் குச்சியால் தொட்டுக் காட்டினேன். ரோலருக்கு முன்னால் நான்கு போல்ட் துளைகள், நான்கும் காலி. தகட்டைக் காகிதத்திலிருந்து மட்டுமல்ல, மெஷினிலிருந்தே கழற்றியிருந்தார். எல்லாரும் கை தட்டினீர்கள். கவனிப்பு என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதில்லை.

நீங்கள் மட்டும் அன்றைக்குக் கேட்டீர்கள்.

"சார், யாருக்காவது கை மாட்டிச்சுண்ணா? தகட்டத் திரும்ப மாட்டச் சொல்லி ஒரு வரி எழுதலாமா?"

"நாம ஆய்வாளரு மக்கா, விண்ணப்பதாரருக்க மாமனாரு இல்ல" என்றேன்.

எல்லாருக்கும் சிரிப்பு. நீங்கள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். அந்த நோட்டு இன்னும் உங்களிடம் இருந்தால் இந்தக் கோப்போடு சேர்த்துவிடுவது நல்லது. நல்ல ஆதாரம்.

இரண்டாவது கடிதத்தை வகுப்புக்குத் தரவில்லை, நானே எழுதினேன். திருத்தியமைத்த மெஷின் வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் போதாது. நூறு ஷீட் இடைவிடாமல் ஓட்டி, அதன் வீடியோவை அனுப்ப வேண்டும். டிசம்பர் கடைசிக்குள். இதில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. ஆதாரம் கேட்பது என் கடமை.

வீடியோ அப்போது வரவில்லை. செல்வதாஸின் மகள் இப்போது இந்த மனுவோடு சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறாள். நேற்று முழுவதையும் பார்த்தேன். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம். செல்வதாஸ் போனைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறார். ஷீட் விடுவது மகள் சுபிதா, நர்சிங் இரண்டாம் வருடம், லீவில் வந்திருக்கிறாள். அப்பாவும் மகளும் நடுநடுவே பேசிக்கொள்கிறார்கள். நூறு முடிந்ததும் பொரிச்ச மீன் வாங்கித் தர வேண்டும் என்கிறாள். அறுபத்து மூன்று வரை ஒழுங்காகப் போகிறது. அறுபத்து நான்கை அவர் சொல்லி முடிக்கவில்லை.

"மக்கா, கைய எடு. கைய எடு மக்கா" என்று கேட்கிறது.

அப்புறம் போன் கீழே விழுந்து புகைப்புரையின் கூரை தெரிகிறது. மோட்டார் சத்தம் இன்னும் நாற்பது விநாடி ஓடுகிறது. தகடு இருந்திருந்தால் அது அந்த விநாடியே நின்றிருக்கும். நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். மணிக்கட்டுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று என்று மனுவில் இருக்கிறது. வலது கை. நர்சிங் படிப்பு அதோடு நின்றுவிட்டது. மெஷின் வேலை செய்யும் என்பதற்கு அறுபத்து மூன்று ஷீட்டே போதுமான ஆதாரம்தான், அதை நான் மறுக்கவில்லை.

டிசம்பர் முடிந்தும் பதில் வராததால், கைவிடப்பட்ட விண்ணப்பம் என்று ஜனவரியில் நானே முத்திரை வைத்தேன்.

ஆகவே இந்தக் கையெழுத்து. இடது கையால் எழுதியது. விண்ணப்பத்தில் இருக்கும் முத்து முத்தான எழுத்தும் இதுவும் ஒரே ஆளுடையது என்று சென்னைக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். இல்லையென்றால் அவர்கள் வேறு யாரோ எழுதியது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள். எங்கள் மெஷினில் இருந்த தகட்டைக் கழற்றச் சொன்னது யார்? அப்படி ஓர் உத்தரவு பதிவேட்டில் இல்லை என்று அலுவலகம் பதில் போட்டிருக்கிறது. சரியான பதில். நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். ஆனால் அவள் கேட்பது பதிவேட்டில் இல்லாத பத்து நிமிடத்தைப் பற்றி. அவள் அப்பா அதை வீட்டில் சொல்லியிருப்பார்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியான வகுப்பு. நீங்களும் இருந்தீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். கீழே மண்டி நிறைய வாழைக்குலை கிடக்க, மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சீப்பு செந்துளுவன் பழம் சுமந்து வந்திருந்தார். அதை என் மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே பேசினார்.

"லெட்டரு கிட்டிச்சு சாரே. ஒரு காரியம் பறயட்டா? ரெண்டு ரோலரும் ஒரே பக்கமா கறங்குதுண்ணு அதுல எழுதியிருக்கு. அப்பிடி கறங்கினா ஷீட்டு உள்ள போவாது சாரே. வாசல்லயே கெடக்கும்."

கேலியாகச் சொல்லவில்லை. எனக்குப் புரிய வேண்டுமே என்று இரண்டு கையையும் உருட்டி உருட்டிக் காட்டினார், குழந்தைக்குக் காட்டுவதுபோல. அவர் சொன்னது சரி. இரண்டு ரோலரும் எதிரெதிராகத்தான் சுழல வேண்டும். எஞ்சினியரிங் முதல் வருடப் பையனுக்குத் தெரியும். நான் சிவப்பு மையில் சேர்த்த வரி அதுதான். வகுப்பு சிரித்தது.

நான் காகிதத்தை வாங்கிப் பார்த்து, டைப் அடித்தவர் பிழை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்ததைக் கேட்டார்.

"பின்ன, இந்தத் தகட்டக் கழத்தணுமா சாரே? எனக்க வீட்டுக்காரிக்க வெரலு போனதுக்குப் பொறவுதான் அத வச்சேன். கெவர்மெண்டு வேண்டாம்ணு பறஞ்சா கழத்திரலாம். அதுலயும் ஒரு நியாயம் இருக்கும்லா?"

அந்தக் கண்ணைப் பார்த்தேன். நான் என்ன சொன்னாலும் செய்யப்போகிற மனுஷன். மைதீன் கனியின் ஷட்டர் எனக்கு ஞாபகம் வந்தது. நன்றாகவே ஞாபகம் வந்தது. தகட்டில் கை வைக்காதீர், காகிதத்தில் மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது.

"லெட்டர்ல உள்ளபடி செய்யும் வே" என்றேன்.

இதை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். செல்வதாஸின் விண்ணப்பத்தில் பிழை இல்லை, அது எனக்கு முதல் வாசிப்பிலேயே தெரியும். தகட்டைக் கழற்றுவார் என்று தெரிந்தும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கழற்றிவிட்டார் என்று போட்டோவில் பார்த்தும் சொல்லவில்லை. அந்த மெஷினில் நூறு தடவை கை கொடுக்கச் சொல்லிக் கடிதம் போட்டவன் நான். யாருடைய கை என்பதுதான் எனக்குத் தெரியாது. அவர் கையாக இருக்கும் என்று நினைத்தேன்.

காப்பி ஆறிவிட்டது. பரவாயில்லை, வைத்துவிடுங்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், காகிதத்தில் பட்டால் மை பரவும். இன்னும் ஒரு வரிதான்.

காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். பயிற்சியின் நலன் கருதி என்று எழுதுங்கள். அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபமோ வன்மமோ கிடையாது. வகுப்பு சிரித்ததை நான் அன்று சாயங்காலமே மறந்துவிட்டேன். வயசுப் பிள்ளைகள், சிரிக்கத்தான் செய்வீர்கள். முதலில் சிரித்தது ஜன்னல் ஓரம் லிஜின். அப்புறம் சிஜின், அவன் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நீங்கள் மூன்றாவது பெஞ்ச், சுவரோரம். பச்சை அட்டை நோட்டால் வாயை மறைத்துக்கொண்டீர்கள், தோள் மட்டும் குலுங்கியது. பதினான்கு பேரில் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தியது நீங்கள்தான்.